மேனுகா கீறிய முதுகு

பிரஷாந்தினியை எங்கள் பக்கத்தில் இப்போது "கண்டல் ரீச்சர்" என்றுதான் சொல்கிறார்கள். அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டிப்போன இடத்தை நாங்கள் கண்டல் என்போம். பெயர் வைத்தவர்கள் ஆம்பிளைகள். அவள் காதில் விழவேண்டும் என்றே சந்தியில் நின்று சத்தமாகச் சொல்வார்கள். அவள் திரும்பிப் பார்த்து, "ஓம், நான்தான்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுவாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நானென்றால் செருப்பைக் கழற்றியிருப்பேன்.

என் பெயர் கமலாசனி. இரணைமடு வாய்க்கால் பாயும் குடியேற்றத் திட்டம் ஒன்றின் பாடசாலையில் மனையியல் படிப்பிக்கிறேன். என் அறைக்கும் அவளுடைய ஆய்வுகூடத்துக்கும் நடுவில் ஒரு பலகை மறைப்புத்தான். அவள் படிப்பிப்பது எனக்குக் கேட்கும், என் தாளித வாசம் அவளுக்குப் போகும். ஆகையால் அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிட ஆருக்கும் உரிமை இல்லை.

முல்லைத்தீவுப் பக்கம் பிறந்தவள். பதினோராம் ஆண்டைப் படித்தது முகாமில், தறப்பாள் கொட்டிலுக்குள். புத்தகம் இல்லை. ஒரு ரீச்சர் வாயால் சொல்லச் சொல்ல, இவள் அடுப்புக்கரியை எடுத்துத் தறப்பாளில் தவளையின் உள்ளுடம்பைப் படமாகக் கீறினாளாம். காற்று அடித்தால் தவளை மூச்சு விடுவதுபோல் இருக்குமாம். மழை பெய்தால் அழிந்துவிடும், அடுத்த நாள் திரும்பக் கீறுவாளாம். "அதாலதான் அக்கா எனக்கு ஒண்டும் மறக்கேல்லை" என்பாள். பிறகு வவுனியாவில் பட்டம் படித்து, எங்கள் பாடசாலைக்கு நியமனம் கிடைத்து வந்தாள். கலியாணம் கட்டவில்லை. ஊர் அதையும் பிறகு ஒரு குற்றமாகச் சொன்னது.

எங்கள் ஆய்வுகூடம் பெயரளவில்தான் ஆய்வுகூடம். நுணுக்குக்காட்டிக்கு வில்லை இல்லை. குழாயில் தண்ணீர் இல்லை. அவள் அதற்காக மூக்கால் அழவில்லை. நீண்ட சீமெந்து விறாந்தையைக் கரும்பலகையாக்கினாள். ஒரு பிள்ளையைப் படுக்க வைத்து உடம்பைச் சுற்றிச் சோக்கால் கீறி, பிள்ளையை எழுப்பிவிட்டு, உள்ளே ஈரல் பழுப்பு, இரைப்பை மஞ்சள், மண்ணீரல் ஊதா என்று மற்றப் பிள்ளைகளைக் கொண்டு நிரப்புவிப்பாள். இறைச்சிக் கடையில் ஆட்டு இதயம் வாங்கிவந்து வெட்டிக் காட்டுவாள். ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருந்தாள். "காணுறதைக் கீறு. நினைக்கிறதைக் கீறாதை." கீறிய படங்களில் பெயர் எழுதக்கூடாது. எல்லாவற்றையும் அன்றைக்கே விறாந்தையில் கயிறு கட்டி, துணி கொளுவும் கிளிப்பால் தொங்கவிடுவாள். யாருடையது என்று தெரியாமல் பிள்ளைகள் ஒன்றுக்கொன்று பிழை பிடிக்கும். சும்மா சொல்லக்கூடாது, உயிரியல் என்றால் ஓடிய பிள்ளைகள் அவளுடைய வகுப்புக்கு ஓடிவரத் தொடங்கினார்கள்.

அந்தத் தவணையில் பித்தம் படிப்பித்தாள். நான் செய்முறைக்குக் கோழி வெட்டும் நாள் பார்த்துவந்து பித்தப்பையை உடையாமல் வாங்கிக்கொண்டு போனாள். இந்தப் பச்சை எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டாள். ஒருவருக்கும் தெரியவில்லை. ரத்தத்தின் சிவப்பு உடைந்துதான் பச்சையாகிறது, பச்சை பிறகு மஞ்சளாகிறது என்று சொல்லி, அதையே தோலுக்கு அடியில் பார்க்கலாம் என்றாள். அடிபட்ட இடம் முதலில் சிவக்கும், பிறகு ஊதாவும் நீலமுமாகும், பிறகு பச்சை, பிறகு மஞ்சள், பிறகு ஒன்றும் இல்லாமல் போகும். அடுத்த கிழமைக்கு வீட்டுவேலை கொடுத்தாள். ஒரு கண்டலைக் கண்டுபிடித்துக் கலர் பென்சிலால் கீறி வாருங்கள்.

அவள் நினைத்தது சைக்கிளால் விழுந்த முழங்காலை. பந்தடித்து வீங்கிய கணுக்காலை. எங்கள் ஊரில் ஒரு கண்டலைத் தேடச் சொன்னால் பிள்ளைகள் முதலில் எங்கே போய்ப் பார்க்கும் என்று அந்தக் கெட்டிக்காரிக்கு ஓடவில்லை.

படங்கள் வந்தன. மேற்கைகள் வந்தன, நாலு விரல் ஒருபக்கமும் பெருவிரல் மறுபக்கமும் பதிந்தபடி. தொடைகள் வந்தன. ஒரு கண் வந்தது, மூடியபடி. காப்புப் போட்ட மணிக்கட்டு வந்தது, காப்பு அழுந்திய இடம் வேறு நிறமாக. முழங்கால்களும் வந்தன, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் குறைவு. ஒரு படத்தில் பையன் ஒருவனின் பின்தொடையில் பிரம்புத் தழும்புகள் வரிவரியாக இருந்தன. அது எங்கள் பாடசாலைப் பிரம்பு. பாடசாலை அதிபர் பிறகு கயிற்றிலிருந்து முதல் ஆளாகக் கழற்றியது அதைத்தான்.

அன்றைக்கு வியாழக்கிழமை, பெற்றோர் கூட்டம். பிரஷாந்தினிக்கு நேரம் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்க்காமல் கூட்டத்துக்கு முன் கொளுவினால் போதும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாள். அவர்களும் கொளுவிவிட்டார்கள். அவள் விறாந்தைக்கு வந்து முதல் படத்தைப் பார்த்தாள், இரண்டாவதைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, நான் என்ன செய்துபோட்டன்" என்று என் கையைப் பிடித்தாள். அதற்குள் தாய் தகப்பன்மார் படியேறிவிட்டார்கள். அடுப்பில் பருப்பு இருந்ததால் நான் என் அறைக்கு ஓடி, சாளரத்தால் விறாந்தையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தாய்மார் அந்தக் கயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பை இழுத்துக் கையை மூடினாள். ஆம்பிளைகள் நின்று பார்த்தார்கள். அவர்களில் சஜீவன் ஒருத்தன். உழவு மெசின் வைத்திருப்பவன், எங்கள் மாணவி மேனுகாவின் தகப்பன். குடிகாரன் என்று நினைத்துவிடாதீர்கள். சொட்டும் தொடமாட்டான். திருவிழாவுக்குக் காவடி எடுப்பவன், ஒருவரையும் நீ என்று சொல்லாதவன். கையில் ஹெல்மட்டோடு கயிறு வழியே நடந்து வந்தான். ஒரு தொடையைப் பார்த்து, இது ஆருடைய மனிசி என்று பக்கத்தில் நின்றவனிடம் கேட்டுச் சிரித்தான். அடுத்த படத்தில் நின்றுவிட்டான்.

அது ஒரு முதுகு. கழுத்திலிருந்து இடுப்புவரை. மஞ்சள் இருந்தது, பச்சை இருந்தது, ஊதாவுக்குமேல் புதுச் சிவப்பு இருந்தது. இடது தோளுக்குக் கீழே பலாக்கொட்டை அளவில் பழைய சூட்டுத் தழும்பு ஒன்று. சின்ன வயதில் கொதிகஞ்சி கொட்டிய தழும்பு அது. சஜீவனின் மனைவி பத்மாசனியின் தழும்பு. ஒவ்வொரு இரவும் தாயின் முதுகுக்கு எண்ணெய் தடவுகிற பிள்ளை, காண்கிறதைக் கீறு என்று ரீச்சர் சொன்னபடி அதையும் விடாமல் கீறியிருந்தாள்.

படத்தைப் பிய்த்து இழுத்தான். கிளிப் தெறித்து விழுந்தது. இதை ஆர் கீறச் சொன்னது என்று கேட்டான். குரல் உயரவில்லை. பிரஷாந்தினி முன்னால் போனாள்.

"நான்தான் சொன்னனான். பிள்ளையில ஒரு பிழையும் இல்லை."

ஹெல்மட்டைச் சுழற்றி அவள் முகத்தில் அடித்தான். மூக்கு எலும்பு உடைந்த சத்தம் என் அறைக்குக் கேட்டது. நான் கதவுக்கு வருவதற்குள் இரண்டாவது தரம் ஓங்கிவிட்டான். அது சுவரில் பட்டது. அவள் விறாந்தையில் விழுந்தாள். முந்தைய நாள் மேனுகாவைப் படுக்கவைத்துக் கீறிய சோக் உடம்பு அங்கே அழிக்காமல் இருந்தது. அதன் ஈரலுக்குமேல் இவளுடைய மூக்கு ரத்தம் கொட்டி, பழுப்புச் சோக்கு கரைந்து ஓடியது. அத்தனை ஆம்பிளைகள் நின்றார்கள். ஒருத்தன்கூட அவன் கையைப் பிடிக்கவில்லை. என் அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு அகப்பை அள்ளிவந்து அவன் கழுத்தில் வீசினேன். அலறினான். பாவம் என்று ஒரு துளியும் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கமாட்டேன். கட்டையில் போவான்.

அவன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். எங்களுக்கு ரீச்சரின் மூக்கைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அவன் எங்கே போகிறான் என்று மேனுகாவுக்குத் தெரிந்திருந்தது. கிழிந்த படத்தைப் பொறுக்கிப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு, யாருடையதோ சைக்கிளில் ஏறி அவன் பின்னால் மிதித்தாள். வாய்க்கால் ரோட்டில் சைக்கிள் மோட்டார் சைக்கிளைப் பிடிக்குமா?

அங்கே நடந்ததை அவள் பிறகு எனக்குச் சொன்னாள். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த தாயைக் கூந்தலில் பிடித்து முற்றத்துக்கு இழுத்து வந்திருக்கிறான். மண்வெட்டிப் பிடியால் முதுகில், தோளில் எல்லாம் அல்ல, கணக்காக விலாவில்மட்டும் அடித்திருக்கிறான். படம் கீற இனி இடம் பார்த்துத் தாறன் என்றானாம். பிடி உடைந்ததும் காலால் மிதித்தான். மேனுகா பாய்ந்து அவன் கையைக் கடித்தாள், தூக்கிக் கிணற்றுக்கட்டோடு எறிந்தான். அயல் கூடியதும் கால் கழுவிவிட்டு, கழுத்துக் காயத்துக்குப் பற்பசை பூசிக்கொண்டு வெளிக்கிட்டுப் போய்விட்டான்.

அயல் பெண்கள் பத்மாசனியைப் பாயில் கிடத்தி, கோப்பி ஊற்றி, எண்ணெய் போடப் பார்த்தார்கள். இது அவர்களுக்குப் பழகிய வேலை. நாளைக்கு எழும்பிவிடுவாள் என்றார்கள். பத்மாசனி இடது தோள் நோகுது, தோள் நோகுது என்று முனகினாள். தோளில் அன்றைக்கு ஒரு அடியும் விழவில்லை. மேனுகாவுக்கு விறாந்தையில் ஊதாச் சோக்கால் நிரப்பியது நினைவு வந்தது. அது அவளுடைய உடம்பைச் சுற்றிக் கீறிய படம், எது எந்தப் பக்கம் என்று அவளுக்குப் புத்தகம் தேவையில்லை. விலாவில் அடிபட்டு, அடிபடாத இடது தோள் நொந்தால் மண்ணீரலை யோசி என்று ரீச்சர் சொல்லியிருந்தாள். "ஒருத்தரும் ஒண்டும் குடிக்கக் குடுக்காதேங்கோ. உள்ளுக்க ரத்தம் போகுது" என்று கத்தி அம்புலன்சுக்குப் போன் அடித்தாள். ஆசுப்பத்திரியில் வயிற்றைத் திறந்து மண்ணீரலை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் பாயோடே போயிருப்பாள் என்று டொக்டர் சொன்னார்.

ரீச்சருக்கு அடித்ததற்குப் பொலிஸ் சஜீவனைப் பிடித்தது. அவன் லோயர் வைத்துப் பிணையில் வந்தான். மனைவிக்கு அடித்ததற்கு ஒன்றும் செய்யமுடியவில்லை. ஏனென்றால் மயக்கம் தெளிந்ததும் பத்மாசனி பெண் பொலிசுக்குச் சொன்னது, மாடு முட்டினது. எங்கள் ஊரில் எல்லாருக்கும் மாடுதான் முட்டும். அது இல்லாவிட்டால் கிணற்றுக்கட்டில் வழுக்கும். டொக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். மாடுதான் ஐயா என்றாள். மேனுகா முற்றத்தில் கண்டதைச் சொல்ல வாயெடுத்தால் தாய் சத்தியம் கேட்டு அவள் வாயை மூடினாள். நான் போய்ப் பேசினேன், ஏசினேன் என்றும் சொல்லலாம்.

"மேனுகாவுக்கு நாளைக்கு ஒரு நல்லது நடக்கவேணும் ரீச்சர். தேப்பன் சிறையில எண்டால் ஆர் பொம்பிளை கேட்டு வருவினம்?" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை ஆசுப்பத்திரியில் துண்டு எழுதிக் கொடுத்து அவளை வீட்டுக்கு விடுவார்கள். சஜீவன் வந்து கூட்டிக்கொண்டு போவான். அடுத்த தரம் எடுப்பதற்கு அவளுக்குள் மண்ணீரல் இல்லை. அடுத்த தரம் செத்துவிடுவாள். அதை நான் ஊகமாகச் சொல்லவில்லை, அந்தக் கட்டிலைச் சுற்றி நின்ற எல்லாருக்கும் தெரியும். பத்மாசனிக்கும் தெரியும்.

பிரஷாந்தினி திங்கட்கிழமை பாடசாலைக்கு வந்தாள். ஒரு கண் முழுதாக மூடியிருந்தது. முகம் கத்தரிக்காய்போல் இருந்தது. அதிபர் லீவு எடுங்கோ பிள்ளை, பிள்ளைகள் பயந்துவிடும் என்றார். வலயக் கல்வி அலுவலகத்துக்கு அதற்குள் மனுப் போயிருந்தது. கலியாணம் கட்டாதவள் குடும்பங்களைக் கெடுக்கிறாள், இடம் மாற்றுங்கள் என்று. அவள் ஒரு கதிரையை இழுத்து வகுப்புக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தாள். சாளரத்தைத் திறக்கச் சொன்னாள், வெளிச்சம் முகத்தில் விழவேண்டும் என்று.

"இது ஒரே அடி. எப்ப விழுந்ததெண்டு உங்கள் எல்லாருக்கும் தெரியும். கீறுங்கோ."

பலகை மறைப்புக்கு இந்தப்பக்கம் நின்று நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஒரு பையன் அழுதான். அழுதுகொண்டே கீறு என்றாள். மறுநாளும் அப்படியே இருந்தாள். வெள்ளிவரை ஒவ்வொரு நாளும். மேனுகா அந்த நாட்களில் என் வீட்டில் நின்று என்னோடுதான் பாடசாலைக்கு வந்தாள். மற்றவர்கள் ஒவ்வொரு நாளும் கீறிய படத்தில் திறமானதை அவளே தெரிந்தெடுத்து வைத்தாள். கன்னத்தின் ஊதா புதனில் கரைந்தது, வியாழன் பச்சை வந்தது, வெள்ளி கன்னத்து ஓரத்தில் மஞ்சள் எட்டிப்பார்த்தது. எனக்கு அந்தப் படங்களைப் பார்க்க அருவருப்பாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

வெள்ளி பின்னேரம் மூன்றுபேருமாக ஆசுப்பத்திரிக்குப் போனோம். பத்மாசனி தலைமாட்டை உயர்த்திச் சாய்ந்திருந்தாள். ரீச்சரின் முகத்தைக் கண்டதும் அழத் தொடங்கினாள். என்னாலதானே, என்னாலதானே என்றாள். பிரஷாந்தினி ஐந்து படங்களையும் போர்வைமேல் வரிசையாகப் பரப்பினாள்.

"அக்கா, இது என்ர முகம். உங்கட மனிசன் அடிச்சது. ஒருக்காத்தான். திங்கள், செவ்வாய், பாருங்கோ, இண்டைக்குத்தான் மஞ்சள் வருது. அண்டைக்கு விழுந்த அடி அண்டைக்கே மஞ்சளா வராது."

பத்மாசனி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மேனுகா பையிலிருந்து கிழிந்த படத்தை எடுத்தாள். செலோடேப்பால் ஒட்டியிருந்தாள். தாயின் மடியில் வைத்தாள்.

"இது ஆர்?" என்றாள் பத்மாசனி.

"நீங்கள்தான் அம்மா."

அவளுக்கு விளங்கவில்லை. எப்படி விளங்கும்? எங்கள் வீடுகளில் இருப்பது முகம் பார்க்கிற கண்ணாடி. தன் முதுகை எந்தப் பெண் கண்டாள்? விரலால் படத்திலிருந்த சூட்டுத் தழும்பைத் தொட்டாள். பிறகு கையை மடக்கிப் பின்னால் கொண்டுபோய், நோவோடு எட்டி, தன் தோளுக்குக் கீழே அதே தழும்பைத் தேடித் தொட்டாள். கை அங்கேயே நின்றது. கண் படத்தில் நின்றது. மஞ்சளில், பச்சையில், ஊதாவில், சிவப்பில்.



"இஞ்ச பிழை விட்டிருக்கிறாய்" என்றாள் கடைசியில். இடுப்பில் விரலை வைத்தாள். "இதில ரெண்டு கீறியிருக்கிறாய். நாலு. பாவாடைக் கட்டுக்குக் கீழ உனக்குத் தெரிஞ்சிருக்காது."

மேனுகா கலர் பென்சில் பெட்டியை நீட்டினாள். பத்மாசனிக்குப் பென்சில் பிடித்துப் பழக்கம் இல்லை, அகப்பை பிடிப்பதுபோல் பிடித்தாள். ஊதாவை எடுத்து இரண்டு இடத்தில் அழுத்தித் தேய்த்தாள். பச்சையை எடுத்தாள், யோசித்தாள், வைத்துவிட்டு மஞ்சளை எடுத்தாள். இது சித்திரைக்கு முந்தினது, இது நெல்லு வெட்டு முடிஞ்ச நேரம் என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லிக் கீறினாள். மேனுகா அழவில்லை. பென்சில் முனை மழுங்க மழுங்கச் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான்தான் அழுதேன்.

முதுகு முடிந்தது. பத்மாசனி கடதாசியைத் திருப்பினாள். மறுபக்கம் வெறும் வெள்ளை.

"முன்பக்கம் கீறேல்லையே" என்றாள்.

பிரஷாந்தினி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கறுப்புப் பென்சிலால் ஒரு பெண் உடம்பின் வெளிக்கோட்டைமட்டும் கீறிக் கொடுத்தாள். பத்மாசனி கழுத்திலிருந்து தொடங்கினாள். அங்கே நான்கு விரல் அடையாளம் வைத்தாள். மெல்ல மெல்லக் கீழே வந்தாள்.

பார்வையாளர் நேரம் முடிகிற மணி அடித்தது. வாட்டின் வாசலில் சஜீவன் நின்றான். துப்பரவாக முழுகி, திருநீறு பூசி, கழுத்தில் பிளாஸ்டரோடு. ஒரு கையில் செவ்விளநீர், மறுகையில் நாளைக்கு உடுத்திக்கொண்டு போகச் சேலை. தாதி மிஸ்ஸி எங்களை வெளியே போகச் சொல்ல வந்தாள். வந்தவள் கட்டிலில் இருந்ததைப் பார்த்து நின்றுவிட்டாள்.

பத்மாசனி தலையை நிமிர்த்தி வாசலைப் பார்த்தாள். நான் நினைத்தேன், முடிந்தது, இனிப் பென்சிலை வைத்துவிடுவாள் என்று.

"மிஸ்ஸி" என்றாள். "என்னை முட்டின மாடு அங்க நிக்குது. அந்தப் பொம்பிளைப் பொலிசை ஒருக்கா வரச் சொல்லுங்கோ."

பிறகு குனிந்து, சிவப்புப் பென்சிலை எடுத்து விலாவில் தீட்டத் தொடங்கினாள்.